தாவீதுக்குத் தந்த வாக்கு

தாவீது குடியிருந்தது கேதுரு மரத்தால் ஆன அரண்மனையில். தீருவின் அரசன் ஈராம் மரத்தையும் ஆட்களையும் அனுப்பிக் கட்டிக்கொடுத்த மாளிகை அது. இஸ்ரவேலரின் கடவுளுக்குரிய உடன்படிக்கைப் பெட்டியோ அதே எருசலேமில் ஒரு கூடாரத்துக்குள் இருந்தது. விவிலியத்தின் இரண்டாம் சாமுவேல் நூலில் ஏழாம் அதிகாரம் இந்த முரணில்தான் தொடங்குகிறது. அரசருக்கு அது உறுத்துகிறது. பெட்டிக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தைத் தீர்க்கதரிசி நாத்தானிடம் சொல்கிறார். நாத்தானும் யோசிக்காமல் சம்மதிக்கிறார். அரசர் கோயில் கட்டுகிறேன் என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்லும் ஆலோசகர் எந்த அரசவையில்தான் இருந்திருப்பார்?

அன்றிரவே நாத்தானுக்கு வேறு செய்தி வருகிறது. எகிப்திலிருந்து மக்களை அழைத்து வந்த நாள் முதல் கூடாரத்திலேயே உலவிவந்த கடவுள், எந்தத் தலைவரிடமும் தனக்குக் கேதுரு மர வீடு கேட்டதில்லை. ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்தவரை அரசராக்கியது கடவுள். ஆகவே வீடு கட்டித் தரப்போவதும் கடவுள்தான், தாவீது அல்ல. இங்கே வீடு என்பது அரச வம்சம். தாவீதின் மகன் அரியணை ஏறுவான், கோயிலையும் அவனே கட்டுவான். கடவுள் அவனுக்குத் தந்தையாக இருப்பார். அவன் தவறு செய்தால் தண்டனை உண்டு. ஆனால் சவுலிடமிருந்து விலகியதுபோல கடவுளின் கருணை அவனைவிட்டு விலகாது. தாவீதின் வீடும் அரசும் என்றைக்கும் நிலைக்கும்.

இந்த வாக்கின் எடை முழுவதும் சவுலின் பெயர் வருகிற இடத்தில் இருக்கிறது. இஸ்ரவேலில் அரச பதவியே அப்போது புதிது. அதற்கு முன்பு நெருக்கடிக்கு ஒரு நியாயாதிபதி எழுவார், நெருக்கடி தீர்ந்ததும் அவர் வீட்டோடு அந்த அதிகாரம் நின்றுவிடும். மற்ற தேசத்தாரைப் போல எங்களுக்கும் அரசன் வேண்டும் என்று மக்கள் கேட்டதால் தீர்க்கதரிசி சாமுவேல் சவுலை அபிஷேகம் செய்தார். அமலேக்கியப் போரில் கடவுளின் கட்டளையை மீறியதற்காகச் சவுல் தள்ளப்பட்டார். கில்போவா மலையில் மூன்று மகன்களோடு மாண்டார். இன்னொரு மகன் இஸ்போசேத் சில காலம் வடக்கே ஆண்டு, சொந்தப் படைத்தலைவர்கள் இருவரால் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். ஒரு தலைமுறையிலேயே முடிந்துபோன அந்த வம்சத்தைத் தாவீது கண்ணெதிரே பார்த்தவர். எபிரோனில் ஏழரை ஆண்டும் எருசலேமில் 33 ஆண்டும் ஆண்ட அவருக்கு, அடுத்த தலைமுறை என்ன ஆகும் என்பது வெறும் கற்பனைக் கவலையாக இருந்திருக்காது.

தவறு செய்த வாரிசைத் தண்டிக்கலாம், ஆனால் அரச உரிமையைப் பறிக்கக் கூடாது என்ற ஏற்பாடு அன்றைய உலகத்துக்கு அந்நியமானதல்ல. இன்றைய துருக்கியில் ஹத்துசாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஹிட்டைட் பேரரசர்கள், கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் தர்ஹுந்தஸ்ஸா நாட்டின் உல்மி தேஷுபுடன் செய்த ஒப்பந்தத்தில் இதே போன்ற விதி இருக்கிறது. அவனுடைய மகனோ பேரனோ குற்றம் செய்தால் பேரரசர் விசாரித்துத் தண்டிக்கலாம். வீடும் நாடும் மட்டும் அந்தக் குடும்பத்தைவிட்டுப் போகாது. விசுவாசமாக இருந்த சிற்றரசனுக்குப் பேரரசன் தரும் பரம்பரைக் கொடை அது. 1970-இல் மோஷே வைன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் இந்த ஒற்றுமையை விரிவாக எழுதினார். சீனாய் மலையில் மோசே வழியாக வந்த உடன்படிக்கை, கீழ்ப்படிந்தால் ஆசி, மீறினால் சாபம் என்று இரு தரப்புக்கும் கடமை வகுத்தது. தாவீதுக்கு வந்ததோ கொடை வகையைச் சேர்ந்தது என்பது அவருடைய வாதம். இந்தப் பிரிவினை இவ்வளவு சுத்தமானது அல்ல என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்தாலும், விவாதம் இன்றும் அவர் போட்ட கோட்டின் இரு பக்கமும்தான் நடக்கிறது.

முதல் சோதனை அரசரிடமிருந்தே

வாக்கு கிடைத்து நான்கு அதிகாரம் தள்ளிப் போனால் பத்சேபாள் கதை. படை அம்மோனியரின் ரப்பா நகரத்தை முற்றுகையிட்டிருக்கிறது, அரசர் எருசலேமில் தங்கிவிட்டார். படைவீரர் உரியாவின் மனைவியை அழைத்துவரச் செய்கிறார். அவள் கருவுற்றதும் உரியாவைப் போர்முனையிலிருந்து வரவழைத்து வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார். தோழர்கள் திறந்த வெளியில் கிடக்கும்போது வீட்டுக்குப் போய்ப் படுக்க மாட்டேன் என்று உரியா அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறார். கடைசியில் அவரைக் கடும் சண்டை நடக்கும் இடத்தில் நிறுத்தி, பின்வாங்கி, சாகவிடும்படி படைத்தலைவர் யோவாபுக்குக் கடிதம் எழுதுகிறார் தாவீது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனதும் உரியாதான்.

வம்சத்துக்கு வாக்குக் கொண்டுவந்த அதே நாத்தான் மறுபடி வருகிறார், இம்முறை ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனின் கதையோடு. அந்த மனிதன் சாக வேண்டும் என்று தாவீது கொதிக்க, அந்த மனிதன் நீர்தான் என்று தீர்க்கதரிசி சொல்லிவிடுகிறார். வாள் உம் வீட்டைவிட்டு விலகாது என்பது தீர்ப்பு. முதல் குழந்தை ஏழாம் நாள் இறக்கிறது. மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுக்கிறான். அவள் அண்ணன் அப்சலோம் அவனைக் கொல்கிறான். அதே அப்சலோம் தந்தைக்கு எதிராகப் படை திரட்டுகிறான். வெறுங்காலோடு, தலையை மூடிக்கொண்டு, அழுதபடி ஒலிவ மலை ஏறிப் போகிற தாவீதைச் சாமுவேல் நூல் காட்டுகிறது. சாதோக் ஆசாரியர் உடன்படிக்கைப் பெட்டியோடு பின்னாலேயே வர, அதை நகரத்துக்கே திருப்பி எடுத்துப்போகச் சொல்கிறார் அரசர். கடவுளின் தயவு இருந்தால் திரும்பி வந்து அதைக் காண்பேன், இல்லையென்றால் அவர் விரும்பியபடி செய்யட்டும் என்பது அவர் நிலை. கைவசம் நித்திய வாக்கு இருந்தும் அதைக் காட்டி அவர் உரிமை பேசவில்லை. சாமுவேல் நூலில் தாவீது உயர்ந்து நிற்கும் இடம் கோலியாத்தை வீழ்த்திய இடமா, இந்த மலைப்பாதையா என்றால், இரண்டாவதையே சொல்லத் தோன்றும்.

தண்டனை வந்தது, வம்சம் போகவில்லை. ஏழாம் அதிகாரத்தில் சொன்னது இப்படித்தான் முதன்முதலாக நிறைவேறுகிறது. பத்சேபாளுக்கு அடுத்துப் பிறந்த சாலொமோனுக்கு, கடவுளுக்குப் பிரியமானவன் என்று பொருள்படும் யெதிதியா என்ற பெயரைக் கொண்டுவந்ததும் நாத்தான்தான்.

ஒரு கோத்திரமும் ஒரு விளக்கும்

சாலொமோன் ஏழு ஆண்டில் கோயிலைக் கட்டி முடித்தார். பிறகு 700 மனைவியர், 300 மறுமனையாட்டியர், அவர்களுடைய தெய்வங்களுக்கு மேடைகள். சீலோவைச் சேர்ந்த தீர்க்கதரிசி அகியா, வயல்வெளியில் சாலொமோனின் அதிகாரி யெரொபெயாமைச் சந்தித்து, தான் போர்த்தியிருந்த புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்துத் துண்டுகளை அவரிடம் கொடுத்தார். பத்துக் கோத்திரம் யெரொபெயாமுக்கு. தாவீதுக்காக, எருசலேமில் அவருக்கு என்றும் ஒரு விளக்கு இருக்கும்படி, ஒரு கோத்திரம் மட்டும் சாலொமோன் மகனுக்கு.

கி.மு. 930 வாக்கில் நாடு இரண்டானது. அதன் பிறகு இரு அரசுகளும் போன போக்கை அருகருகே வைத்துப் பார்த்தால் விவிலிய வரலாற்றாசிரியர் எதை வியந்தார் என்று புரியும். வடக்கே இஸ்ரவேல் பெரிய நாடு, வளமான நிலம், வாணிகப் பாதைகள். ஆனால் இருநூறு ஆண்டில் 19 அரசர்கள். வம்சம் மீண்டும் மீண்டும் அறுபட்டது. சிம்ரி என்பவர் ஆண்டது ஏழே நாள். கி.மு. 722-இல் அசீரியர் சமாரியாவைப் பிடித்ததோடு அந்த அரசே மறைந்தது. தெற்கே யூதா சிறியது, மலைப்பாங்கானது. அங்கே சுமார் 340 ஆண்டுகள் ஒரே குடும்பம் ஆண்டது. யோராம் போன்ற கெட்ட அரசர்கள் வரும்போதெல்லாம், தாவீதுக்கு விளக்குத் தருவதாகச் சொன்னதால் கடவுள் யூதாவை அழிக்கவில்லை என்று இராஜாக்கள் நூல் மறுபடி மறுபடி எழுதுகிறது.

அந்த விளக்கு ஒருமுறை ஒரு கைக்குழந்தையின் உயிரில் தொங்கியது. அரசர் அகசியா கொல்லப்பட்டதும், வடநாட்டு அரசர் ஆகாபின் குடும்பத்தில் பிறந்த அவருடைய தாய் அத்தாலியாள், பேரப்பிள்ளைகள் உட்பட அரச வாரிசுகளைக் கொன்று ஆட்சியைப் பிடித்தாள். அகசியாவின் சகோதரி யோசேபாள், சாகவிருந்த பிள்ளைகள் நடுவிலிருந்து யோவாஸைத் திருடி, செவிலியோடு படுக்கையறையில் ஒளித்தாள். ஆறு ஆண்டுகள் குழந்தை கோயிலுக்குள்ளேயே வளர்ந்தது. ஏழாம் ஆண்டு ஆசாரியர் யோய்தா காவல் படைத்தலைவர்களை ரகசியமாக அழைத்து, கோயிலில் வைத்திருந்த தாவீதின் ஈட்டிகளையும் கேடயங்களையும் அவர்களிடம் கொடுத்தார். சிறுவனுக்கு முடி சூட்டிய ஆரவாரம் கேட்டு ஓடிவந்த அத்தாலியாள் துரோகம் என்று கத்தினாள். அவளை வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். இந்தக் கதையில் அற்புதம் எதுவும் இல்லை. ஒரு அத்தையின் துணிச்சலும் ஒரு பூசாரியின் பொறுமையும்தான் இருக்கின்றன. ஆனாலும் வாக்கு காப்பாற்றப்பட்டதற்கு விவிலியம் தரும் மிக நெருக்கமான காட்சி இதுவே.

இதே தலைமுறையின் போர்களைப் பற்றி எதிரி ஒருவன் பொறித்த கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. வட இஸ்ரேலில் தேல் தான் என்ற இடத்தில் அவ்ரகாம் பிரான் நடத்திய அகழாய்வில் 1993-இல் ஒரு கருங்கல் துண்டும், அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு துண்டுகளும் வெளிப்பட்டன. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு அரமேய எழுத்து. இஸ்ரவேல் அரசனையும் தாவீதின் வீட்டு அரசனையும் கொன்றதாக ஒரு அரமேய மன்னன் அதில் பெருமை அடித்துக்கொள்கிறான். அவன் தமஸ்குவின் அசகேலாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. இராஜாக்கள் நூலோ அந்த இரு கொலைகளையும் வடநாட்டுப் படைத்தலைவர் யெகூவின் கணக்கில் எழுதுகிறது. யார் கொன்றது என்ற வழக்கு எப்படிப் போனாலும், தாவீது இறந்து நூற்றைம்பது ஆண்டுக்குள் அயல்நாட்டு எதிரியே யூதாவை அவர் பெயரால்தான் அறிந்திருந்தான் என்பது கல்லில் இருக்கிறது. அதற்கு முன்பு தாவீது வெறும் புராண நாயகன் என்று எழுதிவந்த சிலர் தங்கள் வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கல்வெட்டு வம்சத்துக்குச் சாட்சி, வாக்குக்கு அல்ல.

கி.மு. 701-இல் அசீரியப் பேரரசர் சனகெரிப் யூதாவுக்குள் புகுந்தார். 46 கோட்டை நகரங்களைப் பிடித்ததாகவும், யூதா அரசர் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அவருடைய களிமண் பட்டயம் சொல்கிறது. 1830-இல் நினிவேயில் கிடைத்த அதன் பிரதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகரத்தைப் பிடித்ததாக மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. தனக்காகவும் தாவீதுக்காகவும் கடவுள் இந்த நகரத்தைக் காப்பார் என்று தீர்க்கதரிசி ஏசாயா சொன்னதாக இராஜாக்கள் நூல் பதிவு செய்கிறது. எசேக்கியா திறைப்பணம் கட்டியதையும் அதே நூல் மறைக்கவில்லை. ஆனால் நகரம் பிழைத்தது என்ற நினைவு வேறொரு நம்பிக்கையை வளர்த்துவிட்டது. கோயில் இங்கே இருக்கும்வரை, தாவீதின் மகன் அரியணையில் இருக்கும்வரை எருசலேமுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நூற்றாண்டுக்குப் பின் மக்கள் நம்பியிருந்தார்கள். கோயில் வாசலில் நின்று அந்த நம்பிக்கையை உடைத்த தீர்க்கதரிசி எரேமியாவைக் கொல்லவே பார்த்தார்கள்.

நிபந்தனை உண்டா, இல்லையா என்பதில் விவிலியமே ஒரே குரலில் பேசவில்லை. சாமுவேல் நூலில் நிபந்தனை இல்லாமல் வந்த வாக்கு, தாவீது மரணப்படுக்கையில் சாலொமோனிடம் பேசும்போது, பிள்ளைகள் உண்மையாக நடந்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது. 132-ஆம் சங்கீதத்திலும் அப்படியே. யூதா அரசர் யோசியா காலத்தில் நம்பிக்கையோடு எழுதப்பட்ட வரலாறு, எருசலேம் விழுந்த பிறகு திருத்தி எழுதப்பட்டதன் தடம் இது என்று ஃபிராங்க் மூர் கிராஸ் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். பக்தி மரபில் நிற்பவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்: வம்சத்துக்குத் தந்த வாக்கு மாறாது, தனி அரசனின் அரியணை அவன் நடத்தையைப் பொறுத்தது. எப்படிப் படித்தாலும், தொகுத்தவர்கள் இரண்டு குரலையும் நீக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.

எண்ணெய்க் கணக்கில் ஒரு அரசர்

கி.மு. 597 மார்ச் மாதம் பாபிலோன் படை எருசலேமுக்குள் நுழைந்தது. அரியணை ஏறி மூன்றே மாதம் ஆகியிருந்த, 18 வயது யோயாக்கீன் தாயோடும் அரண்மனையாரோடும் சரணடைந்து சிறைப்பட்டுப் போனார். அவர் கடவுளின் வலக்கை முத்திரை மோதிரமாகவே இருந்தாலும் கழற்றி எறியப்படுவார் என்றும், பிள்ளையில்லாதவர் என்று அவரை எழுதிவையுங்கள் என்றும் எரேமியா சொன்னார். அவருக்குப் பதிலாகப் பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சார் நிறுத்திய சிதேக்கியா கலகம் செய்ய, சுமார் பத்தாண்டு கழித்துக் கோயில் எரிந்தது, மதில்கள் இடிந்தன. சிதேக்கியாவின் மகன்களை அவர் கண்முன் வெட்டினார்கள். பிறகு அந்தக் கண்களையும் குருடாக்கினார்கள்.

யோயாக்கீன் என்ன ஆனார் என்பதற்கு விவிலியத்துக்கு வெளியே சான்று உண்டு. ஜெர்மானிய அகழாய்வாளர் கோல்டவே பாபிலோனில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளை எர்ன்ஸ்ட் வைட்னர் 1939-இல் படித்து வெளியிட்டார். எல்லாம் அரண்மனைக் களஞ்சியத்தின் பங்கீட்டுக் கணக்கு. யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்தது என்ற பட்டியலில் எகிப்தியர், அயோனியத் தச்சர்கள், அஸ்கலோன் அரசனின் மகன்கள் ஆகியோரோடு யூதா நாட்டு அரசர் யோயாக்கீனும் வருகிறார். அவருடைய ஐந்து மகன்களுக்கும் சேர்த்து இரண்டரை சிலா. ஒரு சிலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். ஒரு பலகை கி.மு. 592-ஐச் சேர்ந்தது. அரியணை போய் ஐந்தாண்டு ஆன பிறகும் பாபிலோன் கணக்குப்பிள்ளை அவரை அரசர் என்றே எழுதுகிறார். பிள்ளையில்லாதவர் என்று எரேமியா சொன்னது அரியணை ஏறும் பிள்ளை இல்லை என்ற பொருளில்தான் என்பதும் இந்த ஐந்து மகன்களால் தெளிவாகிறது.

இராஜாக்கள் நூல் முடிவதும் அவரோடுதான். சிறையிருப்பின் 37-ஆம் ஆண்டு, பாபிலோனில் புதிதாகப் பட்டத்துக்கு வந்த ஏவில்மெரொதாக் அவரை விடுவித்து, சிறை உடையை மாற்றி, தினமும் தன் பந்தியில் சாப்பிட வைத்தார். அத்தோடு நூல் நின்றுவிடுகிறது. விளக்கம் இல்லை. விவிலிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட் இந்த முடிவில் தாவீதின் வாக்கு இன்னும் உயிரோடு இருப்பதன் குறிப்பைப் பார்த்தார்; இன்னொரு அறிஞர் மார்ட்டின் நோத் அப்படி எதையும் பார்க்கவில்லை.

89-ஆம் சங்கீதம் இந்தப் பின்னணியில் வைத்தே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. எஸ்ராகியனாகிய ஏத்தானின் பெயரில் உள்ள இந்தப் பாடல் 37 வசனம்வரை கடவுளின் கருணையையும் உண்மையையும் புகழ்கிறது. தாவீதுக்குத் தந்த வாக்கை, சாமுவேல் நூலில் உள்ளதைவிடவும் விரிவாக, சூரிய சந்திரரைச் சாட்சிக்கு அழைத்துத் திருப்பிச் சொல்கிறது. அடுத்த வசனத்தில் பேச்சு திரும்புகிறது. நீர் தள்ளிவிட்டீர், உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர், கிரீடத்தைத் தரையில் போட்டுவிட்டீர் என்று நேருக்கு நேராகக் கடவுள் மேல் குற்றச்சாட்டு. தாவீதுக்கு ஆணையிட்ட பழைய கருணை எங்கே என்ற கேள்விக்குப் பாடலுக்குள் பதில் இல்லை. கடைசி வசனமான துதி, சங்கீத நூலின் மூன்றாம் பகுதியை முடித்துவைக்கச் சேர்ந்தது. முதல் பாதி முழுவதும் வாக்கை எழுத்து எழுத்தாக அடுக்கியது, இரண்டாம் பாதியில் அதை வைத்தே வழக்காடத்தான். கடவுளின் உண்மையைப் பற்றிய இறையியல் நூல்கள் பலவும் இந்தப் பாடலின் முற்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது அதற்குச் செய்யும் நியாயம் ஆகாது.

திரும்பி வந்தவர்களின் கணக்கு

பாபிலோனை வென்ற பாரசீகர் காலத்தில் யோயாக்கீனின் பேரன் செருபாபேல் யூதாவின் ஆளுநராக எருசலேமுக்கு வந்து கோயிலை மீண்டும் கட்ட முன்நின்றார். கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி, கடவுள் அவரை முத்திரை மோதிரமாக வைப்பார் என்றார். தாத்தாவிடமிருந்து எரேமியா கழற்றிய மோதிரம் பேரனிடம் திரும்பி வருகிறது. ஆனால் செருபாபேல் முடிசூடவில்லை. கோயில் கட்டி முடிந்த நிகழ்ச்சியில் அவர் பெயர்கூட இல்லை.

அரியணை திரும்பாத நிலையில் வாக்கு இரண்டு திசையில் விரிந்தது. ஏசாயா நூலின் 55-ஆம் அதிகாரம், தாவீதுக்கு உறுதி செய்த கருணையை மக்கள் எல்லோருக்குமான உடன்படிக்கையாகப் பேசுகிறது. இனி வரும் அரசனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நாளாகம நூலின் ஆசிரியர் வேறு வழி போனார். நாத்தானின் வாக்கைத் திரும்ப எழுதும்போது தண்டனைப் பகுதியை விட்டுவிட்டார். பத்சேபாள் கதையையும் விட்டுவிட்டார். உம் வீடு, உம் அரசு என்று இருந்த இடத்தில், தாவீதின் மகனைக் கடவுள் தம் வீட்டிலும் தம் அரசிலும் நிலைநிறுத்துவார் என்று வருகிறது. அரியணை கடவுளுடையது என்றால், அதில் இப்போதைக்கு ஆள் இல்லாவிட்டாலும் அது காலி அல்ல. யோயாக்கீனுக்குப் பின் வந்த தலைமுறைகளின் பெயர்ப் பட்டியலையும் அவர் மறக்காமல் சேர்த்துவைத்தார்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதருக்குச் சொந்த ஆட்சி கிடைத்தபோது ஆண்டவர்கள் ஹாஸ்மோனியர், ஆசாரியக் குடும்பத்தார். அவர்களில் யோவான் ஹிர்கானு தாவீதின் கல்லறையைத் திறந்து 3000 தாலந்து வெள்ளியை எடுத்ததாக யோசேப்பு என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். தாவீதின் அரியணையைச் சூறையாடியவர்கள் என்று இப்படிப்பட்டவர்களைச் சாடி, தாவீதின் மகனை அனுப்பும்படி வேண்டும் பாடல் ஒன்று, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சாலொமோனின் சங்கீதங்கள் என்ற தொகுப்பில் இருக்கிறது. சாக்கடலோரக் கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த ஒரு தோல் சுருள், நாத்தானின் வாக்கை வரிவரியாக எடுத்து, கடைசிக் காலத்தில் எழும்பும் தாவீதின் தளிரைப் பற்றியது என்று விளக்குகிறது. ஆயிரம் ஆண்டுப் பழைய வாக்கு அப்போதும் சூடாகவே இருந்தது.

கிறிஸ்தவ வாசிப்பு

புதிய ஏற்பாட்டின் முதல் பக்கமே வம்ச அட்டவணை. மத்தேயு ஆபிரகாமிலிருந்து தாவீதுவரை 14, தாவீதிலிருந்து பாபிலோன் சிறையிருப்புவரை 14, அங்கிருந்து இயேசுவரை 14 தலைமுறை என்று எண்ணுகிறார். எண்ணிக்கை ஒத்துவர யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று அரசர்கள் விடுபடுகிறார்கள். கோயிலில் ஒளித்து வளர்த்த யோவாஸ் அவர்களில் ஒருவர். ஆனால் பத்சேபாளை உரியாவின் மனைவி என்றே எழுதுகிறார், பழைய குற்றத்தை மறைக்கவில்லை. எரேமியாவின் தீர்ப்புக்கு ஆளான யோயாக்கீனையும் எகொனியா என்ற பெயரில் சேர்த்துக்கொள்கிறார். லூக்காவின் அட்டவணை சாலொமோன் வழியே வராமல், நாத்தான் என்ற பெயருடைய தாவீதின் இன்னொரு மகன் வழியே வருகிறது. இரண்டையும் பொருத்திக்காட்டும் முயற்சி, இறந்த சகோதரனுக்கு வாரிசு உண்டாக்கும் யூத வழக்கத்தைக் காரணம் காட்டிய யூலியு ஆப்பிரிக்கானு காலத்திலேயே, அதாவது மூன்றாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது.

லூக்கா நற்செய்தியில் காபிரியேல் மரியாளிடம் சொல்வது ஏறக்குறைய நாத்தானின் வாக்கேதான்: தாவீதின் அரியணை, தந்தை மகன் உறவு, முடிவில்லாத அரசு. எரிகோவில் பார்வையற்ற பர்திமேயு தாவீதின் மகனே என்று கூப்பிட்டதும், குருத்தோலை ஞாயிறன்று கிறிஸ்தவர்கள் நினைவுகூரும் எருசலேம் ஊர்வலத்தில் அதே விளி எழுந்ததும் இந்த எதிர்பார்ப்பில்தான். இயேசு அந்தப் பட்டத்தை மறுக்கவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. தாவீதே தன் ஆண்டவர் என்று அழைக்கிறவர் அவருக்கு மகனாக மட்டும் எப்படி இருக்க முடியும் என்று கோயிலில் கேட்டார்.

சிலுவையில் முடிந்த ஒருவரை எப்படி நித்திய அரசர் என்பது? அப்போஸ்தலருடைய நடபடிகள் நூலில் இதற்கான பதில் வாதமாகவே வருகிறது. தாவீது இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், அவர் கல்லறை இன்றும் இங்கே இருக்கிறது என்று எருசலேம் கூட்டத்திடம் பேதுரு சொல்கிறார். ஆகவே அழிவைக் காணாத ஒருவரைப் பற்றிய சங்கீதம் அவரைப் பற்றியது அல்ல, உயிர்த்தெழுந்தவரைப் பற்றியது. பிசிதியாவின் அந்தியோகியா ஜெபக்கூடத்தில் பவுல், ஏசாயா 55-இல் உள்ள தாவீதின் கருணையை உயிர்த்தெழுதலோடு நேரடியாக இணைக்கிறார். என்றைக்கும் நிலைக்கும் அரியணைக்குச் சாகாத அரசர் வேண்டும் என்பது இந்த வாதத்தின் முடிச்சு. எருசலேம் சங்கத்தில் யாக்கோபு, விழுந்துபோன தாவீதின் கூடாரம் மீண்டும் எழும் என்ற ஆமோஸின் சொல்லை எடுத்து, யூதரல்லாதவர்களையும் சபையில் சேர்த்துக்கொள்ள வாதாடுகிறார். எபிரெயருக்கு எழுதின நிருபம் நாத்தானின் வாக்கில் உள்ள தந்தை மகன் உறவை முதல் அதிகாரத்திலேயே இயேசுவுக்குப் பொருத்துகிறது. தவறு செய்தால் தண்டனை என்ற அடுத்த பகுதியை அது தொடவில்லை. நாளாகம ஆசிரியர் விட்ட இடத்தையே அதுவும் விட்டது.

யூத மரபு இந்த வாசிப்பை ஏற்கவில்லை. தாவீதின் தளிருக்காக யூதர்கள் இன்றும் தினசரி ஜெபத்தில் வேண்டுகிறார்கள். பாபிலோனில் யூத சமூகத்துக்குத் தலைமை வகித்த சிறையிருப்புத் தலைவர்கள், யோயாக்கீன் வழியாகத் தாவீதின் வம்சம் என்று பல நூற்றாண்டுகள் உரிமை பாராட்டினார்கள்.

ரோமுக்கு இந்த வம்சம் அரசியல் சங்கடம். எருசலேம் கி.பி. 70-இல் விழுந்தபின் தாவீதின் குடும்பத்தாரைத் தேடிப்பிடிக்கப் பேரரசர் வெஸ்பாசியன் ஆணையிட்டதாக, ஹெகெசிப்பு என்ற முந்தைய எழுத்தாளரை மேற்கோள் காட்டித் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு எழுதுகிறார். வெஸ்பாசியனின் மகன் டொமிசியன் காலத்தில், இயேசுவின் சகோதரர் யூதாவின் பேரன்கள் தாவீதின் வம்சத்தார் என்ற புகாரின் பேரில் பேரரசர் முன் நிறுத்தப்பட்டார்கள். எவ்வளவு சொத்து என்று விசாரணை. இருவருக்கும் சேர்த்து 9000 தெனாரியம், அதுவும் பணமாக இல்லை, 39 பிளெத்ரா நிலமாக. அதில் தாங்களே உழுது வரி கட்டிப் பிழைப்பதாகச் சொன்னார்கள். காய்த்துப்போன கைகளைக் காட்டினார்கள். கிறிஸ்துவின் அரசு எப்படிப்பட்டது, எங்கே, எப்போது வரும் என்று கேட்டதற்கு, அது இவ்வுலக அரசு அல்ல, காலத்தின் முடிவில் வெளிப்படும் என்று பதில். டொமிசியன் அவர்களை அற்பமானவர்களாக எண்ணி விடுவித்தார். ஊர் திரும்பிய அவர்கள் சபைகளுக்குத் தலைமை ஏற்று, டிராஜன் காலம்வரை உயிரோடு இருந்தார்கள் என்கிறார் ஹெகெசிப்பு.

அரியணை உரிமை பேசியவர்கள் வேறு இடங்களில் தோன்றினார்கள். ஜார்ஜியாவின் பக்ராத்தியோனி மன்னர்கள் தங்களைத் தாவீதின் வழித்தோன்றல்கள் என்றார்கள். எத்தியோப்பியாவில் சாலொமோனுக்கும் சேபா அரசிக்கும் பிறந்த மெனெலிக்கின் வம்சம் என்று சொல்லி மன்னர்கள் ஆண்டார்கள். 1955-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலும் அது எழுதப்பட்டது. ஹைலே செலாசி 1974 செப்டம்பரில் பதவியிலிருந்து இறக்கப்பட்டபோது அந்த அரியணையும் காலியானது.